கடை லீவு

என் பயிற்சி அட்டவணை ஓர் எக்செல் தாள். பதினாறு வாரங்கள், வாரத்துக்கு ஏழு கட்டங்கள். நீச்சலுக்கு நீலம், சைக்கிளுக்குப் பச்சை, ஓட்டத்துக்கு ஆரஞ்சு. செய்து முடித்த கட்டத்தில் ஒரு டிக். அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை பால் எடுக்கப் போனபோது, பதின்மூன்றாவது வாரத்தின் ஏழு கட்டங்களையும் யாரோ கறுப்பு மார்க்கரால் ஒரே கோடாக அடித்திருந்தார்கள். கோட்டுக்கு மேலே தமிழில் ‘லீவு’ என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

“அக்கா எடிசன்ல இருந்து கூப்பிட்டா. கேப் மே பக்கத்துல ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்காங்களாம். நாம நாலு பேரும் போறோம்” என்றாள் மனைவி.

“ரேஸுக்கு நாலு வாரந்தான் இருக்கு.”

“பொண்ணு காலேஜுக்குப் போக பதினோரு வாரந்தான் இருக்கு.”

இரண்டு கணக்கும் சரி. எதைக் கழிப்பது என்பதில்தான் எங்களுக்குள் வேறுபாடு.

நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். 2000-இல் ஆர்லிங்டனுக்கு முதுகலை படிக்க வந்தவன், டெக்சஸை விட்டு நகரவில்லை. வேலை மென்பொருள் ஆலோசகர். திங்கள் முதல் வியாழன் வரை பெரும்பாலும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருப்பேன். முப்பத்தொன்பது வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினேன். முதலில் தெருமுனை வரை. பிறகு ஒயிட் ராக் ஏரியை ஒரு சுற்று, ஒன்பது மைலுக்குச் சற்று அதிகம். பிறகு அரை மாரத்தான், மாரத்தான். கடைசியில் அரை அயர்ன்மேன்: 1.2 மைல் நீச்சல், 56 மைல் சைக்கிள், 13.1 மைல் ஓட்டம். இந்த விளையாட்டு 1978-இல் ஹவாயில் பதினைந்து பேரோடு தொடங்கியது, அதில் பன்னிரண்டு பேர்தான் முடித்தார்கள். இன்று எங்கள் ஊரின் தமிழ்ச் சங்க விழாவில் சாம்பார் வாளியோடு நிற்பவர்களில் நான்கைந்து பேராவது அந்தச் சட்டையை வைத்திருக்கிறார்கள்.

டெக்சஸ் வெயிலில் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். கராஜ் கதவைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்துக் கதவை மூடிவிட்டுப் போவேன். திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். சனிக்கிழமை நீண்ட சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மதியத்தில் சோபாவில் பிணம்போல் கிடப்பேன். நல்ல காரியம்தானே செய்கிறேன் என்று எனக்கு ஒரு நிம்மதி. குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறேன். யார் குறை சொல்ல முடியும்?

உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அப்பா நாங்குநேரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கும். காலை ஐந்தரைக்கு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்துவார். கட்டிலில் படுத்தபடியே நான் எண்ணுவேன். பதினொன்று. இரவு பத்தரைக்கு அதே பதினொன்றும் திரும்ப ஏறும். தீபாவளியன்று மதியம் வரை, பொங்கலன்று மாலைக்கு மேல் என்று பண்டிகையிலும் கடை உண்டு. “ஒரு நாள் சாத்தினா ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான். போனவன் திரும்ப வரமாட்டான்” என்பார்.

2003-இல் முதல் வாரச் சம்பளச் சாமான் போகிற நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார். இரண்டாம் நாள் காலை அப்பா பலகையைக் கழற்றப் போனார். ஆறாவது பலகை கையில் இருக்கும்போது விழுந்தார் என்று அம்மா சொன்னாள். வயது 52. நான் டாலஸிலிருந்து போய்ச் சேர மூன்று நாளானது.

தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது என்பது இன்று மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. அதன் காரணங்களைத் தேடி 2010-இல் தொடங்கிய ‘மசாலா’ என்ற ஆய்வு, பே ஏரியாவிலும் சிகாகோவிலும் வாழும் நம்மவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அதைப் பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன். 52 என்ற எண்ணை நோக்கித்தான் எட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தேன், அதைத் தாண்டிவிட வேண்டும் என்று. சென்ற ஆண்டு எனக்கு 47.

பயணத்துக்கு முன்பு மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கைக்கடிகாரம் வீட்டில் இருக்கட்டும். இதயத்துடிப்பு, தூக்கம், ‘மீட்சி நேரம்’ எல்லாம் காட்டும் கடிகாரம் அது. கழற்றி மேசை டிராயரில் வைத்தேன். ஆனால் ஓட்டக் காலணியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டேன். குடிகாரர்கள் பாட்டிலை ஒளிக்கும் முறை இதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கேப் மே, நியூ ஜெர்சியின் தென்கோடி. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே டெலவேர் விரிகுடா. 1859-இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. முதல் நாள் மாலை அதில் ஏறினோம், 199 படிகள். சகலையும் மச்சினியும் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். நான் நிற்காமல் ஏறிவிட்டு மேலே தனியாகக் காத்திருந்தேன். கால் நிமிடத்தில் மூச்சு சீரானது. மகிழ்ச்சியாக இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் காலை நாலேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து, துண்டைப் பிரித்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பின்வாசலைத் திறந்தேன். படியில் மகன் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயது. புது இடத்தில் தூக்கம் வரவில்லையாம்.

காலணியைப் பார்த்தான். “ஓடப் போறீங்களாப்பா?”

நான் பதில் சொல்வதற்குள் அவனே, “அம்மாட்ட சொல்லமாட்டேன்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் கோபித்திருந்தால் ஒரு சமாதானம் சொல்லியிருப்பேன். அவன் எனக்கு உதவி செய்ய வந்தான். வீட்டில் அப்பாவின் ஓட்டம் எப்படிப்பட்ட பொருளாகியிருக்கிறது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. காலணியைப் படியிலேயே வைத்துவிட்டு, “வா, கரைக்குப் போய்ட்டு வருவோம்” என்றேன். இரண்டு பேரும் செருப்போடு நடந்தோம்.

விரிகுடாப் பக்கத்துக் கரை அது. பௌர்ணமி கழிந்து மூன்று நாள். ஓதம் இறங்கிப்போன ஈர மணலில் பழைய இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்ததுபோல் ஏதோ கிடந்தன. பக்கத்தில் போனால் அசைந்தன. குதிரைலாட நண்டுகள். பெயர்தான் நண்டு, உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் நெருக்கம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய இதே வடிவில் இருக்கும் உயிர். மே, ஜூன் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தோடு கரையேறி மணலில் முட்டையிடும். அலை புரட்டிப் போட்டால் சிலவற்றால் திரும்ப நிமிர முடியாது. விடிந்தால் வெயிலில் காய்ந்தோ, கடற்காக்கைகள் கொத்தியோ சாகும்.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் குனிந்து குனிந்து அவற்றை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பல ஆண்டுகளாக இந்தத் தொண்டு செய்கிறவர். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஓட்டின் ஓரத்தைப் பிடித்துப் புரட்ட வேண்டும் என்று மகனுக்குக் காட்டினார். அவன் முதலில் பயந்தான். மூன்றாவது நண்டிலிருந்து எண்ணத் தொடங்கினான். விடிவதற்குள் இருவருமாக நாற்பத்தொன்றைப் புரட்டியிருந்தோம். குனிந்து நிமிர்ந்ததில் எனக்கு இடுப்பு வலித்தது. எட்டு ஆண்டுப் பயிற்சியில் இதற்கான தசை மட்டும் விட்டுப்போயிருந்தது.

“முட்டையைத் தின்ன வருகிறவர்களைப் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டார். அடுத்த நாள் எல்லோருமாக ரீட்ஸ் பீச் போனோம். பறவைகளுக்காக அந்தப் பருவத்தில் கரையை மூடியிருப்பார்கள். ஒரு மேடையில் நின்று தொலைவிலிருந்து பார்க்கலாம்.

ரெட் நாட் என்று பெயர். நம் ஊர் மைனா அளவுதான் இருக்கும், மார்பு செங்கல் நிறம். தென் அமெரிக்காவின் கடைக்கோடியான டியர்ரா டெல் ஃபுவேகோவிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் போகிற பறவை. காலில் சிறு கருவி பொருத்திப் பார்த்தபோது, ஒரு பறவை ஆறு நாள் எங்கும் இறங்காமல் சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்தது தெரிந்தது. 1995-இல் அர்ஜென்டினாவில் பி95 என்று வளையமிட்ட ஒன்று, 2014 வரை உயிரோடு காணப்பட்டது. அது பறந்த மொத்தத் தூரம் நிலவுக்குப் போகும் தூரத்தைவிட அதிகம் என்பதால் அதற்கு ‘நிலாப்பறவை’ என்று பெயர் வந்தது. இவற்றுக்கு முன்னால் அயர்ன்மேன் என்று சட்டை போட்டுக்கொள்வது கூச்சமாக இருந்தது.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தத் தூரமல்ல. இவ்வளவு பறக்கிற பறவை மே மாதத்தில் இந்த விரிகுடாவில் இறங்கி இரண்டு வாரம் எங்கும் போவதில்லை. தின்கிறது, நிற்கிறது, தூங்குகிறது. எலும்பும் தோலுமாக வரும்போது 120 கிராம் அல்லது அதற்கும் கீழே இருக்கும் எடை, புறப்படும்போது 180 கிராமைத் தாண்ட வேண்டும். தாண்டாதவை ஆர்க்டிக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வாய்ப்புக் குறைவு. நெடும்பயணத்துக்கு முன் அதன் இரைப்பை சுருங்கிவிடுகிறது, சுமை குறைய. இறங்கியதும் அதைத் திரும்ப வளர்த்தாக வேண்டும். அதனால்தான் மென்மையான நண்டு முட்டை தேவைப்படுகிறது. வெளியே பார்த்தால் சும்மா நிற்கிறது. உள்ளே கட்டட வேலை நடக்கிறது.

அந்த நிறுத்தத்தை மனிதர்கள் கெடுத்ததுதான் சோகம். 1990-களில் தூண்டில் இரைக்காகக் குதிரைலாட நண்டுகளை லாரி லாரியாக அள்ளினார்கள். 1980-களில் இந்த விரிகுடாவில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் எண்ணப்பட்ட பறவை, 2021-இல் ஏழாயிரத்துக்கும் குறைவு. நியூ ஜெர்சி 2008-லேயே நண்டு பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. அழிந்தது இன்னும் மீளவில்லை. பறக்கிற வழி அப்படியேதான் இருந்தது. தங்கிய இடம் கெட்டது, அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் கூந்தன்குளம் நினைவுக்கு வந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே இறங்கும். பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் வெடி வெடிக்கமாட்டார்கள். கடையிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்ச் சேரும் தூரம். அப்பா ஒருமுறைகூட என்னைக் கூட்டிப்போனதில்லை. கடை இருந்தது.

ஓய்வு பற்றிப் படித்ததெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1950-இல் செக் ஓட்டக்காரர் எமில் ஜட்டோபெக், பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டிக்கு முன்பு கெட்டுப்போன உணவால் இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து போய் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் வென்றார், பத்தாயிரத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில். 1984-இல் ஜோன் பெனாய்ட் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பதினேழாம் நாள் அமெரிக்கத் தேர்வு மாரத்தானை வென்றார், அந்த ஆண்டே முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானையும். அதே 1984-இல் எட்வர்ட் காயில் என்பவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் மூன்று வாரம் முழுக்க நிறுத்தியபோது அவர்களின் உச்ச ஆக்சிஜன் திறன் குறைந்தது ஏழு சதவீதம். மூன்று வாரத்துக்கு ஏழு. ஒரு வாரத்தில் போகிறது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி, அது சில நாளில் திரும்பிவிடும். பயிற்சி உடம்பைச் சிதைக்கிறது, கட்டுவது ஓய்வுதான் என்று நானே புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்று பழமொழி வேறு சேர்த்து.

தெரிந்தும் ஏன் முடியவில்லை? அதற்கான பதில் மகளிடமிருந்து வந்தது.

நான்காம் நாள் மளிகைச் சாமான் வாங்க நானும் அவளும் காரில் போனோம். அவள்தான் ஓட்டினாள். விடுதி அறை, அறைத்தோழி, பாடங்கள் என்று பேசிக்கொண்டே வந்தவளிடம், வீட்டில் எதை நினைத்துக்கொள்வாய் என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

“அம்மான்னா ரசம். தம்பின்னா பியானோல ஒரே பாட்டத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது.” கொஞ்சம் யோசித்தாள். “உங்களை நெனச்சா கராஜ் கதவுச் சத்தம் வரும்ப்பா. காலைல. படுத்துட்டே கேப்பேன். மேல போகும், நிக்கும், கீழ வரும்.”

குறை சொல்லும் தொனி இல்லை. பாசமாகத்தான் சொன்னாள். அதனால்தான் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினொரு பலகை. கட்டிலில் படுத்தபடி நான் எண்ணிய அதே சத்தம். அப்பாவைப்போல் செத்துவிடக் கூடாது என்று ஓடி ஓடி, அப்பாவைப்போலவே வாழ்ந்திருக்கிறேன். அவருக்கு, ஒரு நாள் சாத்தினால் வாடிக்கை போய்விடும். எனக்கு, ஒரு வாரம் நிறுத்தினால் உடம்பு போய்விடும். கடை வேறு, பயம் ஒன்று.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் துடைத்தபடியே கேட்டாள். “நீங்க நூறு வயசு இருக்கணும்னுதான் நானும் சாமி கும்பிடுறேன். ஆனா இருக்கிறப்ப எங்க இருக்கீங்கன்னுதான் தெரியல” என்றாள். பிறகு, “ஷூவ அன்னிக்கே படியில பாத்தேன். ஈரமாயிரும்னு உள்ள எடுத்து வச்சேன்” என்றாள்.

அப்பா ஒரே ஒருமுறை கடையைச் சாத்தியிருக்கிறார். 1988, ஆடிச் சாரல். எனக்குப் பதினொரு வயது. அம்மா என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாளோ, மூன்று நாள் குற்றாலம் போனோம். முதல் நாள் முழுக்க அப்பா கடையைப் பற்றியே பேசினார். இரண்டாம் நாள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் ஒரு மணி நேரம் நின்றார். பிரானூர் போய்ப் பரோட்டா தின்றோம். திரும்பி வந்து, பாயில் படுத்து, நாலு மணி நேரம் தூங்கினார். பகலில் அப்பா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்து பக்கத்தில் போய் மூச்சைப் பார்த்தேன். அப்பாவை நினைத்தால் எனக்குப் பலகைச் சத்தத்துக்கு அடுத்து வருவது அந்தத் தூக்கம்தான். மூன்று நாளில் எந்த வாடிக்கையும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்தவர்கள், “அண்ணாச்சி, எங்க போயிட்டீக?” என்று கேட்டுவிட்டுச் சாமான் வாங்கிப்போனார்கள்.

மீதி மூன்று நாளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. காலையில் மகனோடு நண்டு புரட்டினேன். கடைசிக் கணக்கு இருநூற்றுப் பதினாறு. மகள் சொல்லிக் கொடுத்த ஒரு சீட்டாட்டத்தில் தொடர்ந்து தோற்றேன். சகலையும் நானும் கறிக்குழம்பு வைத்தோம், காரம் கூடிவிட்டது. ஒரு மதியம் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனேன். விழித்தபோது மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “குறட்டை விட்டீங்கப்பா” என்றான். அவன் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பி ஜூன் கடைசியில் அந்தப் போட்டியை முடித்தேன். முந்தைய ஆண்டைவிட நாலு நிமிடம் அதிகமானது. அன்றைய வெயிலாக இருக்கலாம், ஒரு வயது கூடியதாக இருக்கலாம். லீவு காரணமில்லை என்று காயிலின் கணக்கு சொல்கிறது. காரணமாகவே இருந்தாலும் நாலு நிமிடத்துக்கு ஒரு வாரம் மலிவு.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏல, ஓடு, வேண்டாங்கல. இடையில ஒக்காரவும் செய்யி” என்றாள். இவ்வளவுதான் விஷயம். எனக்கு இதற்கு ஒரு பறவைக் கூட்டம் தேவைப்பட்டது.

இப்போதும் ஓடுகிறேன். எக்செல் தாளும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்கு மட்டும் நிறம் இல்லை. ஆகஸ்டில் மகளை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. நான் அடுப்பில் தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“எடுத்துட்டீங்களே! இன்னிக்கு ஓடலையாப்பா?”

“இல்லம்மா. கடை லீவு” என்றேன்.